தண்ணி வேணுமா?

என் மகனுக்கு அப்போ இரண்டே கால் வயசு. எண்ணிப் பார்த்தால் ஆறே சொல். அதில் "அம்மா" கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான்.

வீட்டில் யாருக்கும் பதற்றமில்லை. "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தாம்ளா பேசும்" என்றாங்க ஆச்சி. ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் அஞ்சு வயசு வரை பேசாமல் இருந்து, திருச்செந்தூர் சந்நிதியில் பாடவே ஆரம்பித்த கதையையும் சொன்னாங்க. திருச்செந்தூருக்குப் போனோம். நாக்கில் வசம்பும் தேய்த்தோம் (பிறகு அதற்கு டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்).

அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்த டாக்டரம்மாதான், "பேச்சு இருக்கட்டும், காது பாத்தீங்களா?" என்றார். செல்போன்ல பாட்டு போட்டா ஓடி வாரானே என்றேன். அது சாட்சியாகாதாம். பாட்டுச் சத்தம் கேட்கிற காதுக்கு, பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாமாம். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறையைச் சீக்கிரமே கண்டுபிடித்துப் பார்க்க அரசு மருத்துவமனையில் இருக்கும் டிஇஐசி மையத்துக்குச் சீட்டு எழுதித் தந்தார். 2013-ல் வந்த ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயசு வரை இந்தச் சிகிச்சைக்குக் காசு கிடையாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

காது கேட்கிறதா என்று ஒயர் ஒட்டிப் பார்க்கிற பெரா டெஸ்டுக்குப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். ராத்திரி சரியாகத் தூங்க விடாமல் கூட்டி வரச் சொன்னார்கள். செய்தோம். ஆனால் பஸ்ஸில் ஜன்னல் காற்று பட்டதும் முக்கால் மணி நேரம் நன்றாகத் தூங்கிவிட்டான். அப்புறம் தூக்க சிரப் கொடுத்தும் பயல் கண்ணை மூடவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மறுதடவை என் வீட்டுக்காரர் பஸ் முழுக்க அவனை நிறுத்தி வைத்தே கூட்டிவந்தார். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் தேய்த்துத் துடைத்து ஒயர் ஒட்டினார்கள். இருட்டு அறையில் ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காது நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. காது இல்லையென்றால் பின்னே எது?

அந்த மையத்திலேயே பேச்சுத் தெரபி தொடங்கிய நாலாவது மாசம் பேச்சு வந்தது, திருகிக்கொண்டு. டம்ளரை எடுத்துவந்து என்னிடம் நீட்டி, "தண்ணி வேணுமா?" என்பான். எங்கள் ராகம் அப்படியே இருக்கும். "அம்மாக்குத் தண்ணி குடுக்கான் பாரு" என்று எல்லாரும் கொஞ்சினார்கள். நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன். அவன் அழுவான்.

தெரபிஸ்ட்தான் சொன்னார்: "அவன் உங்களுக்குக் குடுக்கல. கேக்கான். நீங்க தண்ணி தரும்போது என்ன சொல்லுவீங்க? அதத்தான் சொல்லுதான்." அதற்குப் பெயர் எக்கோலாலியா.

அஞ்சு நிமிஷம் நான் அவனோடு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே பேப்பரில் கோடு போட்டார். ஒவ்வொரு கோடும் நான் கேட்ட ஒரு கேள்வி. இது என்ன? காக்கா எங்க? சொல்லு, என்ன கலரு? பேப்பர் நிறைந்துவிட்டது. நான் பிள்ளையோடு பேசவே இல்லை, பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வியை நிறுத்தச் சொன்னார். அவன் வாயால் வர வேண்டியதை நாமே சொல்ல வேண்டும். டம்ளரோடு வந்தால் "தண்ணி வேணும்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து "தண்ணி..." என்று பாதியில் நிறுத்தி, மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். கேட்க லேசாக இருக்கும். எனக்கு நாலு எண்ணுவதற்குள் வாய் வந்துவிடும்.

ஏழு வாரம் ஆனது. ஒருநாள் குடத்தில் டம்ளரைத் தட்டிக்கொண்டே "தண்ணி வேணும்" என்றான். கடைசியில் ஒட்டியிருந்த அந்த "ஆ"வைக் காணோம்.

நாலு வயசில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்போது ஐந்து. வேணும், வேணாம், போலாம் எல்லாம் வந்துவிட்டது. பசி மட்டும் இன்னும் பழைய மாதிரிதான். சட்டியைப் பார்த்ததும் "உனக்குப் பசிக்கா?" என்பான். "எனக்குப் பசிக்கு" என்று அவனுக்காகச் சொல்லிவிட்டு, ஆச்சி தட்டை எடுப்பாங்க.