எழுபது வெள்ளி கொடுத்து ஊர் போய்ச் சேர்ந்த கதை

முதலில் திட்டித் தீர்த்துவிடுகிறேன், ஊர்க்கதை அப்புறம்.

மலேசியாவில் ஈப்போ நகரின் அமான்ஜெயா பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. அதற்கு ஒரு கார்க்காரர் என்னிடம் எழுபது வெள்ளி (ரிங்கிட்) கறந்துவிட்டார். கேஎல்லில், அதாவது கோலாலம்பூரில் இருந்து வந்த பஸ் இரண்டு மணி நேரம் தாமதம், குளிர்சாதனம் தலைக்கு மேலே சொட்டிக்கொண்டே வந்தது, வந்து இறங்கினால் இரவு பதினொன்று. உள்ளூர் பஸ் கிடையாது, செயலியைத் திறந்தால் ஒரு வண்டியும் சிக்கவில்லை. "நம்ம ஆளுன்னுதான் எழுபது சொல்றேன் தம்பி, மத்தவங்களுக்குத் தொண்ணூறு" என்றார். தமிழில் ஏமாந்தால் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கிறது.

தப்பு என் மேல்தான். ரயில் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கும். நான் குடியிருப்பதோ கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். விலை குறையுமா என்று இழுத்தடித்ததில் தீபாவளி டிக்கெட் எல்லாம் பறந்துவிட்டது. இதில் இன்னொரு கூத்து. நான் இருக்கும் சாலைக்குப் பெயரே துன் சம்பந்தன், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்தவர், எங்கள் ஊர்க்காரர். அவர் பெயரை முகவரியில் எழுதிக்கொண்டு நாலு வருஷமாக ஊர்ப்பக்கமே போகவில்லை நான்.

காலையில் சந்தைப் பக்கம் ஒரு கடையில் தோசை. ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்தென்று, மேலே நெத்திலிச் சம்பல். இரண்டு தோசை, ஒரு வடை, ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ), எல்லாம் சேர்த்து ஏழு வெள்ளி. பிரிக்பீல்ட்ஸில் இதற்குப் பதினான்கு கேட்பார்கள், சம்பலை ஸ்பூனால் தொட்டு வைப்பார்கள். இன்னொரு தோசை சொன்னேன். பசிக்காக இல்லை, பழிவாங்க.

அப்புறம் சித்தப்பா மகனின் மோட்டார் சைக்கிளில், தாத்தா இருந்த தோட்டத்துக்கு. 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்துக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேய அரசு பிரகடனம் செய்த அவசரகாலம் 12 ஆண்டு நீடித்தது.

பால்மரம் (ரப்பர்) ஒன்றுகூட இல்லை. எல்லாம் செம்பனை, எண்ணெய்ப் பனை. தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயம் இருந்த இடம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், ரப்பர் பால் சேர்க்கும் பால் ஸ்டோர், எது எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. மாரியம்மன் கோவில் மட்டும் புது டைல்ஸ் போட்டுப் பளபளவென்று நிற்கிறது (நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, குளியலறை மாதிரி இருக்கிறது). வாசல் கூட்டிக்கொண்டிருந்த பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ பத்துவெள்ளிக்காரர் பேரன்தானே?"

தாத்தாவுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருந்ததே எனக்குத் தெரியாது. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், 1960இல், தொழிலாளிகளே தோட்டம் வாங்கட்டும் என்று சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி போடுங்கள் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். எங்கள் லயத்தில் வீடு வீடாக அதை நினைவுபடுத்தி உயிரை எடுத்தவர் தாத்தாவாம். சம்பளத்தன்று அவர் தலையைக் கண்டாலே ஆம்பிளைகள் கொல்லைப்புறமாக நழுவுவார்களாம். பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியபோது நழுவியவர்கள்தான் முதலில் வந்து பெருமை பேசினார்களாம்.

"எப்படிப்பா வந்தே?"

சொன்னேன், எழுபது வெள்ளியையும் சேர்த்து.

"எழுபதா! ஒரே ராத்திரியிலயா? உங்க தாத்தா ஏழு மாசம் கட்டுன காசுலா அது!"

கோவில் படியிலேயே உட்கார்ந்து, திரும்பிப் போக ரயில் டிக்கெட் எடுத்தேன். ஜன்னலோரம் கிடைக்கவில்லை.