கட்டின் பின்பக்கம்

குளக்கட்டில் நடக்க வருகிறவர்கள் எல்லாரும் தண்ணீரைப் பார்த்துத்தான் நடப்பார்கள். எனக்குச் சோறு போடுவது மற்றப் பக்கம். வெளிச்சரிவில் இறங்கி, அடிவாரப் புல்லுக்குள் எங்கே ஈரம், எங்கே சகதி, எங்கே புதிதாக ஓட்டை விழுந்திருக்கிறது என்று கம்பால் குத்திக் குத்திப் பார்ப்பது என் வேலை. மேலே நடக்கிறவர்களுக்கு நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற ஆள். "என்ன சேர், மோதிரம் விழுந்திட்டுதோ?" என்று கேட்டவர்களும் உண்டு.

திருகோணமலை மாவட்டத்தில் இந்தத் தொழில் பார்க்கிற எவரும் கந்தளாய்க் குளத்தை மறக்க முடியாது. குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டினான் என்பது எங்கள் ஊர் வழக்கு. 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டினான், பின்பு பராக்கிரமபாகு பெருப்பித்தான் என்பது வரலாற்றுக்காரர் சொல்வது. யார் கட்டியதோ, சுமார் 50 அடி உயரம், நாலு கிலோமீற்றருக்கு மேல் நீளமான மண் கட்டு. 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் மூன்று மணியளவில் அது உடைத்துக்கொண்டது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். வீடுகளும் வயல்களும் போயின. கட்டின் மேல் கனரக வாகனங்கள் ஓடியதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். பிறகு திருத்திக் கட்டினார்கள். இன்றைக்கும் திருகோணமலைப் பட்டணத்துக்குக் குடிதண்ணீர் கந்தளாயிலிருந்துதான் வருகிறது.

ஆனால் நான் சொல்லவந்தது பெரிய குளங்களைப் பற்றி அல்ல. அவற்றுக்குப் பொறியியலாளர் இருக்கிறார், பதிவேடு இருக்கிறது, 2008 இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டம் போன்றவற்றில் காசும் வந்தது. 200 ஏக்கருக்குள் பாய்கிற சிறு குளங்களைக் கமநலத் திணைக்களம் பார்க்கிறது. வயலே இல்லாமல் போன குளத்தை யார் பார்ப்பது?

பட்டண ஓரத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். கீழே இருந்த வயலெல்லாம் சண்டைக் காலத்தில் தரிசாகி, அப்புறம் காணித்துண்டாகி, வீடாகிவிட்டது. மிஞ்சிய குளத்தை அழகுபடுத்தினார்கள். கட்டின் மேல் கல் பதித்த நடைபாதை, விளக்கு, வாங்கு, பிள்ளைகளுக்கு மிதிபடகு. பின்னேரம் ஐந்து மணிக்குப் போனால் கச்சான் காற்றுக்கு நல்ல இடம்தான், மறுக்கமாட்டேன்.

வயலுக்குப் பாய்ச்சுகிற குளம் போகத்துக்குப் போகம் வற்றும். ஆவணியில் அடி தெரியும். அலைக்குக் காவலாக உள்சரிவில் அடுக்கிய கல் எங்கே சரிந்திருக்கிறது, தண்ணீர் திறந்துவிடுகிற துரிசின் வாய் எப்படி இருக்கிறது, உடும்பு எங்கே தோண்டியிருக்கிறது என்று கமக்காரர் தாங்களாகவே பார்ப்பார்கள். பெரும்போகத்துக்கு முன் கூட்டம் போட்டு, செடி வெட்டி, மண் போடுவார்கள். கட்டு உடைந்தால் போவது அவர்கள் நெல். பார்த்து ரசிக்கிற குளம் வருசம் முழுக்க நிறைந்திருக்கவேண்டும். தண்ணீர் இறங்கினால் சேறு தெரியும், மணக்கும், படகு ஓடாது. ஆகவே இறக்குவதே இல்லை. தண்ணீர் கட்டின் வயிற்றுக்குள் எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கிறது. உள்சரிவை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. பல வருசம் திறக்காத துரிசுக் கதவு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

மரங்கள் இன்னொரு தலைவலி. நிழலுக்கென்று கட்டின் வெளிச்சரிவில் வேம்பும் மருதும் நட்டிருந்தார்கள். மரம் உயிரோடு இருக்கும்வரை வேர் மண்ணைப் பிடித்திருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் வேர் செத்து உக்கும்போது அதன் தடத்தில் ஒரு குழாய் மிஞ்சும். தண்ணீருக்கு அது போதும். புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணும் போகும். 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட கிழக்கு மாகாணத்துக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சரி, வெட்டிவிடலாமா என்றால், பெரிய மரத்தை மேலால் வெட்டிவிட்டுப் போனால் அதே உக்கல்தான். வேரோடு கிளப்பி, குழியைப் படை படையாக மண் போட்டு இறுக்கவேண்டும். செலவு அதிகம். அதோடு மரம் வெட்டுகிறவன் என்ற பெயரும் வரும்.

என்னை உண்மையில் யோசிக்கவைத்தது ஒரு கிணறு. கட்டின் அடிக்கு மிகக் கிட்ட ஒரு வீடு, பின்வளவில் கிணறு. வீட்டுக்கார அக்கா பெருமையாகச் சொன்னார்: "அக்கம்பக்கமெல்லாம் ஆவணியில வத்தும் சேர். எங்கட கிணறு ஒருநாளும் வத்தினதில்ல. எல்லாரும் இஞ்சதான் அள்ளுறவை."

"தண்ணி தெளிவா வருதோ அக்கா? வாளியடியில மணல் நிக்கிறதோ?"

"முந்தி இல்ல. இப்ப கொஞ்ச நாளா ஒரு நரை மண் அடியில நிக்குது. வடிச்சுத்தான் குடிக்கிறம்."

குளத்து நீர் மண் கட்டுக்குள்ளால் கசிவது குற்றமில்லை. எல்லா மண் கட்டும் கசியும். கசிவு தெளிவாக, அளவு மாறாமல் வந்தால் கட்டு தன்பாட்டில் இருக்கிறது. நீர்மட்டம் அதேயாக இருக்கையில் கசிவு கூடினாலோ கலங்கி வந்தாலோ, அது மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே ஒரு துளை பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி வளர்கிறது. மண் அணைகள் போவதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு: மேலால் வழிவது, உள்ளால் அரிப்பது. முதலாவது மழையோடு வரும், தெரியும். இரண்டாவது வெயில் நாளிலும் வரும்.

அந்தக் கிணற்றைச் சுற்றியும் அடிவாரம் நெடுகவும் தேடியபோது, ஒரு இடத்தில் ஈரத்தை நிறுத்த யாரோ களிமண் குவித்து மேலே சீமெந்தும் பூசியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் கசிவை வெளிப்பக்கத்தில் அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி அமுக்கம் கூடி வேறு வழி தேடும். செய்யவேண்டியது எதிர்மாறு: முதலில் மணல், அதன்மேல் சல்லி, அதன்மேல் பெரிய கல். தேநீர் வடியைப் போல, தண்ணீர் போகும், மண் நிற்கும். பிறகு வடிகிற தண்ணீரை ஒரு சிறு கானில் சேர்த்து, முக்கோண வெட்டுள்ள தகடு வைத்து அளக்கவேண்டும். அந்தக் கிணற்றையும் இதே முறையில் மணலும் சல்லியும் போட்டு நிரப்பவேண்டும் என்று எழுதினேன். அக்காவுக்குக் குழாய்த் தண்ணீர் இணைப்புக் கிடைக்கும் முன் அதைத் தொடமுடியாது என்பதையும் சேர்த்து எழுதினேன்.

இதை மேலிடத்துக் கூட்டத்தில் சொன்னபோது, இவ்வளவு சின்னக் குளத்துக்கா இவ்வளவு கதை என்றார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருந்த சவுத் ஃபோர்க் அணையைச் சொன்னேன். கால்வாய்க்குத் தண்ணீர் தரக் கட்டிய மண் அணை. ரயில் வந்தபின் கால்வாய் செத்தது. பிறகு பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகம் ஒன்று அதை வாங்கிப் பொழுதுபோக்கு ஏரியாக்கியது. அடியில் தண்ணீர் திறந்துவிடும் குழாய்களை அதற்கு முன்பே கழற்றி விற்றுவிட்டார்கள். கழகம் திரும்பப் போடவில்லை. குதிரைவண்டி போகக் கட்டின் தலையைத் தணித்து அகலமாக்கினார்கள். மிஞ்சிய வெள்ளம் வழிந்துபோகிற வான் வாயில், மீன் தப்பாமல் கம்பித்தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 பெருமழைக்குத் தடுப்பில் குப்பை அடைத்து, தண்ணீர் கட்டின் மேலால் வழிந்து, அணை போனது. கீழே ஜோன்ஸ்டவுனிலும் அந்தப் பள்ளத்தாக்கிலும் இறந்தவர்கள் 2,209 பேர்.

எங்கள் குளத்தின் வான் வாயிலும் கம்பிவலை இருந்தது. விட்ட மீன்குஞ்சு ஓடாமலிருக்க. அதில் ஆகாயத்தாமரை பாதி உயரத்துக்கு அடைந்திருந்த படத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. வலையை அந்த வாரமே கழற்றினார்கள்.

துரிசுக் கதவை அசைக்க எண்ணெய் ஊற்றிச் சங்கிலிக் கப்பி கட்டவேண்டியிருந்தது. திறந்த பிறகும் ஒரே மூச்சில் இறக்கவில்லை. தண்ணீர் சட்டென்று இறங்கினால் ஊறிய உள்சரிவு தாங்கலில்லாமல் சரியும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். சேறு தெரியத் தொடங்கியதும் முகநூலில் குளத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று படம் வந்தது. படகுக்காரர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அவர் பிழைப்பு அவருக்கு. உள்சரிவில் கல் போன இடங்கள் பல, வாடைக் காற்றின் அலை தின்ற ஒரு நீளப் பள்ளம், பழைய மரக்கட்டை ஒன்று. சிறு மரங்களை எடுத்தாகிவிட்டது. இரண்டு பெரிய மருது பற்றி இன்னும் முடிவில்லை.

துரிசுதான் மிச்சம். முந்தி அதற்கு ஒரு விதானை இருந்தார். மழை கனத்தால் இரவில் லாம்போடு போய்க் கதவு திறப்பார். அவருடைய மகன் அந்த வேலையைச் செய்யத் தயார். ஆனால் கடிதமும் ஒரு சிறு கொடுப்பனவும் கேட்கிறார், நியாயம்தானே. யார் கடிதம் கொடுப்பது என்பதில் இரண்டு அலுவலகங்கள் ஒன்றையொன்று காட்டுகின்றன. ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு கூட்டத்துக்குத் திகதி கேட்டு இரண்டு பக்கத்துக்கும் எழுதியிருக்கிறேன்.