1989 மஹிந்திரா பிக்கப்: ஓட்டத்துக்கு முன் பிரேக்

என் அப்பா 1989ஆம் ஆண்டு மாடல் மஹிந்திரா பிக்கப் ஒன்றை வைத்துத்தான் எங்களை வளர்த்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட்டும், சிரட்டையிலும் மரத்திலும் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலும் மார்த்தாண்டத்துக்கு வரும். மீன்பாடு நன்றாக இருக்கும் நாட்களில் குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் ஐஸ் போட்ட மீன் பெட்டிகள் ஏறும். அவர் ஓட்டுவதை விட்ட பிறகு வீட்டோரம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அந்த வண்டியை, இப்போது மறுபடியும் சுமை ஏற்றும் வண்டியாகவே மீட்டுக்கொண்டிருக்கிறேன். காட்சிக்கு நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை.

வேலை தொடங்கியபோது பார்த்தவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்டார்கள். அதில் இருப்பது பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 90 மி.மீ. என்பதே அந்தப் பெயரின் பொருள்; மொத்தக் கொள்ளளவு 2112 சி.சி. டீசலை நேரே சிலிண்டருக்குள் பாய்ச்சாமல் முன்னறையில் எரியவிடும் பழைய முறை என்பதால், குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஹீட்டர் பிளக் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். இதைக் கழற்றிவிட்டுப் புதிய டர்போ எஞ்சின் ஒன்றை இறக்கிவிடலாம் என்று பலர் யோசனை சொன்னார்கள். நான் அதற்கு இணங்கவில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கிளட்ச், கியர் பாக்ஸ், பின் ஆக்சில், பிரேக் ஆகிய எல்லாமே இந்த எஞ்சினின் இழுவைக்கு ஏற்ப அமைந்தவை என்பதுதான். இழுவையை மட்டும் கூட்டினால் மற்றவை ஒவ்வொன்றாகக் கைவிடும். நாசில்களைக் கழற்றிப் பரிசோதித்து, ஹீட்டர் பிளக்குகளை மாற்றி, கம்ப்ரஷன் அளந்து பார்த்ததில் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தது. அத்துடன் அதை விட்டுவிட்டேன்.

அப்பாவின் காலத்திலிருந்தே இந்த வண்டியைத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் மார்த்தாண்டத்தில் இருக்கிறார். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. நேராகக் கீழே படுத்துச் சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போனார். “மக்களே, ஓட்டத்த பொறவு பாப்பம், மொதல்ல இது நிக்கட்டும்” என்றார். வேலையின் வரிசை முழுவதும் அந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது.

எங்கள் மாவட்டத்தில் இரும்பு இற்றுப்போகும் விதம் தனியானது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே நின்று பெய்வதால், ஆண்டில் பாதிக்கும் மேல் காற்றில் ஈரம் குறைவதில்லை. கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதோடு உப்பும் சேருகிறது. இந்த வண்டி அதற்கும் மேலாக இரண்டு விதமான சுமையைத் தாங்கியது. மீன் பெட்டிகளிலிருந்து வடிந்த உப்பும் ஐஸ் தண்ணீரும் தளத்தின் இடுக்குகள் வழியாக இறங்கிக் குறுக்குச் சட்டங்களின் மேல் தேங்கின. ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் சேர்ப்பார்கள்; ஈரம் காயாத ஷீட்டிலிருந்தும் ஒட்டுப்பாலிலிருந்தும் வடியும் நீரில் அந்த ஆசிட் கொஞ்சம் இருக்கும். ஆகவே மேலே பெயின்ட் முழுதாகத் தெரிந்த இடங்களில்கூடச் சுத்தியல் பட்டதும் ஓசை மந்தமாக வந்தது. அந்த இடங்களில் துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டிருந்தது.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. துருப்பிடித்த இடத்தின் மேல் தகடு ஒன்றை வைத்து வெல்டிங் செய்து பட்டி பூசிவிட்டால், அடியில் இருக்கும் துருவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகத்தான் ஆகும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை அளந்து பொருத்தி, இருபுறமும் வெல்டிங் வைத்தோம். அதற்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் ஒயர்களையும் கழற்றி வைத்தோம். ஸ்பிரிங் பட்டை தாங்கும் பிராக்கெட்டுகளின் அருகே மட்டும் வெப்பம் அதிகம் படாதபடி சிறிது சிறிதாகச் செய்தார் மேஸ்திரி. ரெட் ஆக்சைடை மட்டும் அடித்து வெறுமனே விட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். மேல்பூச்சு இல்லாத ரெட் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும். அதனால் துத்தநாகம் கலந்த பிரைமர், அதன் மேல் எபாக்சி, அதன் மேல் பெயின்ட் என்று போனோம். மூடிய பகுதிகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெயைத் தெளித்தோம். அடைபட்டுக் கிடந்த வடிகால் துளைகளைத் திறந்தோம். பெயின்ட் வேலையைத் தை, மாசி மாதங்களுக்கு ஒத்திவைத்தேன். ஈரக் காற்றில் அடிக்கும் பெயின்ட் வெள்ளை பூத்து மங்கிவிடும்.

தளத்துக்கு இரும்புத் தகட்டுக்குப் பதிலாக அயினிப் பலகை போட்டோம். வள்ளம் செய்வதற்கு இந்தக் கடற்கரையில் காலங்காலமாக நம்பப்படும் மரம் அது. உப்புத் தண்ணீருக்கு அஞ்சாது. வள்ளங்களுக்குப் பூசுவது போலவே, முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை ஆசாரி பலகையின் இருபுறமும் பூசிக் கொடுத்தார். முந்திரி ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் அதற்குத் தட்டுப்பாடு இல்லை. பலகைக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டைகளை வைத்தோம். பலகைகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கிப் போக விரலிடை விட்டோம். பெட்டியின் நீள அகலம் துளியும் மாறவில்லை. 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சோதனைக்குக் காட்ட வேண்டும் என்பதால் அந்த அளவுகள் எனக்கு முக்கியமானவை.

அடுத்தது பிரேக். நான்கு சக்கரத்துக்கும் டிரம், பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்ப ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர், மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டர் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. மாற்றாமல் கிடந்த ஆயில் வீல் சிலிண்டர்களின் உட்சுவரைக் குழி குழியாக அரித்திருந்தது. அவற்றையும் ஹோஸ்களையும் உலோகக் குழாய்களையும் முழுவதுமாக மாற்றினோம். பிறகுதான் முதல் உண்மையான மேம்பாடு: இரண்டு அறைகள் கொண்ட டேண்டம் மாஸ்டர் சிலிண்டர். ஒற்றை அறை அமைப்பில் எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இதிலோ முன்னே போனால் பின்னே இருக்கும், பின்னே போனால் முன்னே இருக்கும். பேச்சிப்பாறையிலிருந்து சுமையோடு இறங்கும் வண்டிக்கு இதைவிட அவசியமான செலவு வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பூஸ்டர் வைக்கப் போனபோது ஒரு வேலை இன்னொன்றை இழுத்து வந்தது. பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியில் உண்டாகும் வெற்றிடமே பூஸ்டரை இயக்கிவிடும். காற்றை அடைத்துத் திறக்கும் தகடு இல்லாத இந்த டீசல் எஞ்சினுக்குத் தனியாக வேக்கம் பம்ப் வேண்டும். ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலேயே அந்தப் பம்ப் பொருந்தி வரும் வகை ஒன்று பிற்கால மஹிந்திரா டீசல் வண்டிகளில் இருக்கிறது. அதை வைத்ததும் மின்சாரமும் கூடுதலாகக் கிடைத்தது. ஹெட்லைட்டின் 60 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்குமான 10 ஆம்பியரும் பழைய சுவிட்ச் வழியாகவே போய்க்கொண்டிருந்ததால்தான் வெளிச்சம் மங்கி இருந்தது. சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேரடியாகக் கனமான ஒயர் இழுத்து, எர்த் இணைப்புகளைச் சுரண்டிப் புதுப்பித்த பிறகு, பல்பை மாற்றாமலேயே சாலை தெளிவாகத் தெரிகிறது.

கழற்றிய பழைய பாகங்களில் ஒன்றைக்கூட நான் பழைய இரும்பு வாங்கும் ஆக்கருக்குப் போடவில்லை. துடைத்து, கிரீஸ் தடவி, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி மீன் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறேன். 50 ஆண்டு நிறைந்த வாகனங்களை விண்டேஜ் என்று தனி வரிசையில் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கே அது பொருந்தும், அப்படிப் பதிந்த வண்டியைத் தொழிலுக்கு ஓட்டவும் முடியாது. என் வண்டிக்கு அந்த வயது 2039இல்தான் வரும். அப்போது யார் இதை வைத்திருந்தாலும், விரும்பினால் பழைய நிலைக்கே திருப்பும் வழி அவர்களுக்கு இருக்க வேண்டும். ஆகையால் நான் சேர்ப்பது எதுவாயினும் போல்ட்டில் மாட்டுவதாகவே இருக்கும். அதற்காக வண்டியின் எந்தப் பாகத்தையும் வெட்ட மாட்டேன்.

இப்போது வண்டி வாழைக்குலைகளையும் தேங்காயையும் ஏற்றி உள்ளூரில் ஓடுகிறது. ஸ்டியரிங் கனமாகத்தான் இருக்கிறது. டை ராடு முனைகளையும் கிங்பின் பேரிங்குகளையும் மாற்றியதில் ஆட்டம் நின்றது, அதனால் பவர் ஸ்டியரிங்குக்கு அவசரம் இல்லை. இந்த முறை வடகிழக்கு மழை ஓய்ந்ததும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைக்கலாமா என்று பார்க்கப் போகிறோம். இப்போதுள்ள 16 அங்குல ரிம்முக்குள், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் உரசாமல் நிற்குமா என்பதை மேஸ்திரி அட்டையில் வெட்டிய அச்சை வைத்து முதலில் அளப்பார்; நிற்காது என்றால் டிரம்மே தொடரும்.