அம்மாக்களும் உட்கார்ந்து நோன்பு திறக்கட்டும்

ரமலான் பிறந்துவிட்டால் சென்னையில் திரும்பின பக்கமெல்லாம் இஃப்தார் (நோன்பு திறக்கும் விருந்து) போஸ்டர்தான். கட்சிகள் நடத்துவது, சங்கங்கள் நடத்துவது, வியாபாரிகள் நடத்துவது என்று எதை எடுத்தாலும் ஒரே படம்: தொப்பி போட்ட ஆண்கள் நீள வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் ஒரு பிரமுகர் கஞ்சிக் கோப்பையோடு கேமராவைப் பார்ப்பார். நடத்தட்டும், நல்லதுதான். ஆனால் அதே நேரத்தில் அந்த ஆண்களின் வீட்டில் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியுமே. அஸர் (மாலைத் தொழுகை) தொழுதுவிட்டு அடுப்படிக்குள் போகிறவள் சமோசா, வடை, பஜ்ஜி என்று பொரித்துக்கொண்டே இருப்பாள், பாங்கு (தொழுகை அழைப்பு) கேட்டதும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் எண்ணெய்ச்சட்டி பக்கம் திரும்பிவிடுவாள். என் நன்னியும் (பாட்டி) அப்படித்தான், அம்மாவும் அப்படித்தான்.

எங்கள் ஊர் தஞ்சாவூர் பக்கம். அங்கே லுஹருக்கு (மதியத் தொழுகை) அப்புறம் பள்ளிவாசலில் கஞ்சிக்கு அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, கடைசியில் தேங்காய்ப்பால், யாராவது வசதியானவர் ஏற்றுக்கொண்ட நாளென்றால் கொத்துக்கறியும் விழும். (பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சி அரிசியை அரசே தரும் வழக்கம் 2001-இல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கியது. யார் ஆட்சிக்கு வந்தாலும் அது தொடர்கிறது.) அஸர் முடிந்ததும் தெருப் பிள்ளைகள் எல்லாம் தூக்குவாளியோடு வரிசையில் நிற்போம். வீட்டுக்குக் கொண்டுவந்தால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, சின்னம்மா என்று எப்படியும் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். சென்னைப் புறநகர் அபார்ட்மெண்டில் அதெல்லாம் ஏது? கணவர் ஆபீஸ் பக்கத்துப் பள்ளிவாசலிலோ மின்சார ரயிலிலோ நோன்பு திறப்பார், இங்கே நானும் பிள்ளையும் மொபைலில் பாங்கு ஆப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அதனால்தான் 2025 ரமலானில் எங்கள் மஹல்லா (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதி) பெண்கள் சேர்ந்து, குடும்பத்தோடு வருகிற மாதிரி ஒரு இஃப்தார் வைக்கலாமா என்று ஜமாஅத்தில் (பள்ளிவாசல் நிர்வாகம்) கேட்டோம். பள்ளிவாசலில் பெண்களுக்குத் தனி இடம் இல்லை, ஆகவே பக்கத்தில் ஒரு சின்ன கல்யாண மண்டபம் பேசினோம். தேதி பிடிப்பதுதான் பெரும்பாடு. மார்ச் 2 முதல் நோன்பு, மறுநாளே பிளஸ் டூ பரீட்சை. பரீட்சைப் பிள்ளைகள் பலரும் நோன்பு வைத்துக்கொண்டே எழுதப் போனார்கள், ஆளுக்கொரு அட்டவணை. கடைசியில் மார்ச் 16, ஞாயிறு என்று முடிவானது.

கூட்டத்தில் ஒரு ராத்தா (அக்கா) வைத்த நிபந்தனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அஸருக்கு மேல் நோன்பு வைத்த எந்தப் பெண்ணும் ஒரு தட்டைக்கூடத் தூக்கக் கூடாது, ஆண்கள் பரிமாற வேண்டும். சிலர் சிரித்தார்கள், ஒருவர் "நாங்களும் நோன்புதானேம்மா" என்றார், சரி, நீங்களும் நோன்புதான், ஒரு நாள் பரிமாறிப் பாருங்களேன். அப்புறம் நோன்பில்லாத ஆட்களும் உதவிக்கு வந்தார்கள். மாதவிலக்கால் நோன்பு விட்டிருந்த சில பெண்கள் தாங்களாகவே கை கொடுத்தார்கள், யாரும் யாரையும் துருவிக் கேட்கவில்லை. எங்கள் பிளாக்கில் இருக்கிற இந்துக் குடும்பத்தினர் சிலரும் வந்து ரோஸ் மில்க் கலக்கினார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் சூஃபிதார் அறக்கட்டளைக்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவதும் இதைத்தான். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கி வைத்தது, ரமலானில் தினமும் சைவச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து நோன்பாளிகளுக்குப் பரிமாறுகிறார்கள். நோன்பில் இல்லாதவர் பரிமாற, நோன்பாளி நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு சரியான ஏற்பாடு!

பேரீச்சம்பழம் வைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். தட்டுக்கு மூன்று என்று சொன்னால் சில தட்டில் ஏழு இருந்தது, சிலதில் கொட்டை மட்டும். பருவ வயது வராத பிள்ளைக்கு நோன்பு கடமை இல்லை, இருந்தாலும் அரைநாள் நோன்பு வைத்த வாண்டுகள் எல்லாம் முழு நோன்பாளி தோரணையில் முன்வரிசையைப் பிடித்துவிட்டார்கள். 2023-இல் யுனெஸ்கோ இஃப்தாரைப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது, ஈரான், துருக்கி, அஜர்பைஜான், உஸ்பெகிஸ்தான் நான்கும் சேர்ந்து கேட்டு வாங்கியது அது. பிள்ளைகளைச் சமையல் வேலையில் சேர்த்துக்கொள்வதையும் அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் வாண்டுகளைப் பார்த்திருந்தால் அந்த வரியைக் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள்.

பயான் (மார்க்கச் சொற்பொழிவு) விஷயத்தில் கொஞ்சம் இழுபறி. அரை மணி நேரம் பேச்சு வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். பேச வந்த ஆலிமே (மார்க்க அறிஞர்) அதை முடித்துவைத்தார், நோன்பு திறப்பதை விரைவுபடுத்தும் காலமெல்லாம் மக்கள் நன்மையில் இருப்பார்கள் என்ற ஹதீஸைச் (நபிமொழி) சொல்லி, ஐந்து நிமிடத்தில் துஆ (பிரார்த்தனை) ஓதி உட்கார்ந்துவிட்டார். ஆறு இருபது வாக்கில் பாங்கு. ஆண்கள் கஞ்சியை விளிம்புவரை ஊற்றிப் பாதியைப் பாயில் சிந்தினார்கள், வடையைக் கொண்டுவர மறந்தே போனார்கள், அது மக்ரிப் (அந்தித் தொழுகை) முடிந்து ஆறிப்போய் வந்தது. வெந்தயம் வேறு தூக்கல். ஆனால் என் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேத்தி கையால் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றுவிட்டு, கஞ்சியைச் சூடாகக் குடித்து, இன்னும் ஒரு கரண்டி ஊற்றுப்பா என்று என் கணவரை அதட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஒளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்யும் இடத்தைப் பெண்களுக்குத் தனியாக முன்பே பார்த்து வையுங்கள், மக்ரிப் நேரம் குறைவு, இரண்டே குழாயில் அத்தனை பேர் நின்று படாத பாடு பட்டோம். கடற்பாசி இனிப்பை மட்டும் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பெரியவர்கள் யாருக்கும் அன்று ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.