ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்

வாணியம்பாடியில் தொடங்கி ஆம்பூர், பள்ளிகொண்டா, ஆற்காடு, வாலாஜா வரை பாலாற்றை ஒட்டிய ஊர்களில் சின்ன ஆஸ்பத்திரிகள் நிறைய. அவற்றில் லேப் என்பது பெரும்பாலும் ஒரே அறைதான். ரத்த அணுக்களை எண்ணும் ஒரு செல் கவுண்டர், சர்க்கரை, கால்சியம் போன்றவற்றை அளக்கும் ஒரு செமி ஆட்டோ அனலைசர், ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ், மைக்ராஸ்கோப், ஃப்ரிட்ஜ், வேலைக்கு ஒருவர் அல்லது இருவர். நோயாளியை இங்கேயே வைத்துப் பார்ப்பதா, வேலூருக்கு அனுப்புவதா என்று டாக்டர் முடிவெடுப்பது இந்த அறையிலிருந்து போகும் தாளைப் பார்த்து. தாளில் எண் தப்பாக வந்தால் எல்லோரும் மெஷினைத்தான் திட்டுகிறோம். ஆனால் தப்பு பெரும்பாலும் ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு அந்தப் பகுதியைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.

தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான். 2021 நவம்பரில் வந்ததைப்போல வெள்ளம் எப்போதாவதுதான் வரும். ஆஸ்பத்திரிக் குழாயில் வருவது நிலத்தடி நீர். தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஏறிய உப்பைப் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய்த் தீர்ப்பும் வந்தது. பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் கழுவிக் கவிழ்த்த டியூபிலும், மெஷின் வெளிச்சம் பாய்ச்சி அளக்கும் சின்னக் கிண்ணமான குவெட்டிலும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதில் கால்சியம் டெஸ்ட் போட்டால் நோயாளியின் கால்சியத்தோடு ஊர்த் தண்ணீரின் கால்சியமும் சேர்ந்து வரும். அதனால் குழாய்த் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும், கடைசி இரண்டு அலசல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்க வேண்டும். பிறகு கவிழ்த்து, சூட்டு அடுப்பில் உலர்த்த வேண்டும்.

ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க நல்லது, டெஸ்டுக்கான ரசாயனமான ரீஏஜென்டைக் கரைக்க ஆகாது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை அதில் விட்டுப் பாருங்கள், முப்பது நாற்பது காட்டும். லேப் தண்ணீரில் அது பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க, எண் முன்பே தெரிந்த கண்ட்ரோல் சீரம் பொடியாக வரும். அதை ஐந்து மில்லி தண்ணீரில் கரைக்கச் சொல்லியிருந்தால் பிப்பெட்டால் அளந்து ஐந்து மில்லி, அதுவும் டிஸ்டில்டு. சிரிஞ்சில் குத்துமதிப்பாக இழுத்து ஊற்றினால் அன்றைக்குக் கண்ட்ரோலே பொய் சொல்லும். பேட்டரிக் கடை கேன் தண்ணீரை மீட்டர் வைக்காமல் வாங்கிப் பயன்படுத்தாதீர்கள். திறந்த கேனை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம். அதில் பாக்டீரியா வளரும்.

தண்ணீர் அதிகம் ஏமாற்றும் இடம் லீஷ்மன் ஸ்டெய்ன், அதாவது ரத்த அணுக்களுக்கு நிறமேற்றும் சாயம். ஸ்லைடில் மெல்லியதாக இழுத்த ரத்தமான ஸ்மியரின் மேல் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிஷம் விடுகிறோம். பிறகு அதைப்போல இரண்டு மடங்கு பஃபர், அதாவது அமில-கார அளவு மாறாத கரைசல், பிஎச் 6.8, ஊற்றி ஏழிலிருந்து பத்து நிமிஷம். பஃபர் தீர்ந்துவிட்டது என்று குழாய்த் தண்ணீரை ஊற்றினால், காரத்தன்மையால் சிவப்பணுக்கள் நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளையணுக்களின் துகள்கள் எல்லாம் கருத்துப்போய், எது நியூட்ரோஃபில், எது ஈசினோஃபில் என்று பிரிப்பதே கஷ்டம். மலேரியா தேடும் ஸ்லைடு என்றால் இன்னும் மோசம். அப்படி வந்த ஸ்லைடைப் படிக்க முயலாமல், புதிதாகப் போட்டுக்கொள்வது மேல். பஃபர் மாத்திரை விலை அதிகமில்லை, அலமாரியில் எப்போதும் ஒரு பாட்டில் கூடுதலாக இருக்கட்டும்.

அடுத்து ஊசி. நரம்பு தெரியவில்லை என்றதும் எல்லோர் வாயிலும் வருவது, "கையை நல்லா மூடி மூடித் திறங்க பெரியம்மா." டர்னிகெட் பட்டை கட்டிய கையை அப்படி மூடித் திறந்தால் தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறி ரத்தத்தில் சேரும். 4.2 இருக்க வேண்டிய இடத்தில் 5.2 வருவதற்கு இது ஒன்றே போதும். கையை மூடி வைத்திருக்கச் சொன்னால் போதும், பம்ப் அடிக்க வேண்டாம். டர்னிகெட் ஒரு நிமிஷத்துக்குமேல் வேண்டாம். ஸ்பிரிட் தடவிய இடம் காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் நோயாளிக்கு எரியும், அணுக்களும் உடையும்.

நம்மூரில் ரத்தத்தைத் தானே இழுக்கும் வாக்குவம் டியூபைவிட சிரிஞ்சில் எடுத்துப் பிரித்து ஊற்றுவதுதான் வழக்கம். ஊற்றும்போது ஊசியைக் கழற்றிவிட்டு, டியூபின் சுவரோரமாக மெதுவாக விட வேண்டும். ஊசியோடு அழுத்திப் பீய்ச்சினால் சிவப்பணு உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம், எல்டிஎச், எஸ்ஜிஓடி என்ற நொதிகள் எல்லாம், அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரான சீரத்தில் கலந்துவிடும். சுற்றிய பிறகு டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். ரோஸ் நிறம் தட்டினால் அதில் பொட்டாசியம் போடாதீர்கள். செமி ஆட்டோ மெஷின் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது, நம் கண்தான் சொல்ல வேண்டும்.

டியூபுக்கும் வரிசை உண்டு. நீல மூடி முதலில், பிறகு சிவப்பு, பிறகு ஊதா, கடைசியில் சாம்பல். ஊதாவில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த இடிடிஏ, ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள். அது ஒரு துளி சிவப்பு மூடி டியூபுக்குத் தாவினால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும், ஏஎல்பி என்ற நொதியும் இறங்கும். இந்த மூன்றும் ஒரே தாளில் சேர்ந்து வந்து, நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தால், டாக்டருக்கு ஃபோன் போடும் முன் வார்டு சிஸ்டரிடம் எப்படி ஊற்றினார்கள் என்று கேளுங்கள். ஊதா டியூபில் ரத்தம் குறைந்துவிட்டது என்று சிவப்பில் ஊற்றியதை ஊதாவுக்கு மாற்றுவதும், ஊதாவிலிருந்து சிவப்புக்கு மாற்றுவதும் அவசரத்தில் நடக்கிறது. அவசரத்தில் செய்தாலும் தப்பு தப்புதான். நீல மூடியில் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மில்லிக்கு 2.7 மில்லி ரத்தம். கோடு வரை நிரம்பாவிட்டால் உறைதல் நேரம் நீண்டு காட்டும். அதை நம்பி, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையின் அளவை மாற்றினால் ஆபத்து.

வேலூர் வெயிலுக்குத் தனிக் கவனம் வேண்டும். பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், சாதாரண அறையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம். வெறும் வயிற்றில் 140 இருந்த சர்க்கரை இரண்டு மணி நேரத்தில் 124-க்கு வந்து, சர்க்கரை நோய்க்கான 126 கோட்டுக்குக் கீழே நின்றுவிடும். மே மாதத்தில் கிளினிக் சாம்பிள்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் வந்தால் இன்னும் வேகமாக இறங்கும். சாம்பல் மூடியில் சர்க்கரை குறையாமல் தடுக்கும் ஃப்ளோரைடு இருக்கிறதே என்று நிம்மதியாக உட்காரக்கூடாது. முதல் ஒரு மணி நேரத்துக்கு அது முழுதாகத் தடுக்காது. சீக்கிரம் சுற்றிப் பிரிப்பது ஒன்றே வழி.

அப்படியானால் ஐஸ் பெட்டியில் வைத்தால் சரியாகிவிடுமா? சர்க்கரைக்கு உதவும், பொட்டாசியத்துக்குக் கெடுதல். குளிரில் அணுச்சுவரின் பம்ப் நின்று, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். சீரம் நிறம் மாறாது, அதனால் கண்ணுக்கும் தெரியாது. சிவப்பு மூடி டியூபை முப்பது நிமிஷம் அறைச் சூட்டில் நிறுத்தி, உறைந்த பிறகு 3000 ஆர்பிஎம்மில் பத்து நிமிஷம் சுற்றி, சீரத்தைப் பிரித்த பிறகே குளிரில் வைக்க வேண்டும். உறையுமுன் சுற்றினால் நார்போல ஃபைப்ரின் இழை மிதந்து மெஷின் குழாயை அடைக்கும். பச்சைக் குழந்தையின் பிலிருபின் சாம்பிளைக் கருப்புக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். வெளிச்சம் பட்டால் எண் இறங்கும்.

டெங்கு சீசனில் பிளேட்லெட் எண்ணைக் கேட்டுக் குடும்பமே கதவருகே நிற்கும். செல் கவுண்டர் 40,000 என்று காட்டினால் டியூபைச் சாய்த்து, உறைந்த கட்டி இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள், பிறகு ஸ்மியர். மைக்ராஸ்கோப்பின் ஆயில் லென்ஸில் பத்துப் புலங்களில் பிளேட்லெட்டை எண்ணிச் சராசரி எடுத்து, 15,000-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட உண்மை எண் வரும். ஓரத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது இடிடிஏ செய்த வேலை. நீல மூடியில் புதிதாக எடுத்து எண்ணி, சிட்ரேட் கலந்ததை ஈடுகட்ட 1.1-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

கண்ட்ரோலைக் காலையில் முதல் வேலையாக ஓட்டுங்கள், சராசரியிலிருந்து மூன்று எஸ்டி (திட்ட விலக்கம்) தாண்டினால் அந்த டெஸ்டை நிறுத்துங்கள். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி நடத்தும் வெளித் தரச் சோதனைத் திட்டத்தில் சேர்ந்தால் சாம்பிள் வரும். அதை நோயாளி சாம்பிளைப் போலவே ஓட்டுங்கள், மூன்று தடவை போட்டு நல்ல எண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பாதீர்கள்.

கடைசியாக ஒரு கண்ணாடி டியூப். கரும்பு, நிலக்கடலை வயலில் கண்ணாடி விரியனோ, கல்லாங்காட்டில் சுருட்டை விரியனோ கடித்து இரவில் ஆள் வந்தால், மெஷின் ஏதும் தேவையில்லை. இரண்டு மில்லி ரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடி டியூபில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிஷம் நிறுத்தி, ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. பக்கத்தில் நல்ல ஆள் ஒருவரின் ரத்தத்தையும் அதேபோல வைத்தால் டியூபின் மேல் சந்தேகம் வராது. பிளாஸ்டிக் டியூபில் இந்த டெஸ்ட் செய்யக்கூடாது, உறைதலைத் தொடங்கிவைப்பது கண்ணாடிப் பரப்புதான். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அந்தக் குணத்தை இழந்துவிடும். பிறகு நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும், தேவையில்லாமல் விஷமுறிவு ஏறும். மருந்து ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஈரல் உறைபொருளை மீண்டும் உண்டாக்க அந்த நேரம் ஆகும். பழைய டியூப்களோடு கலக்காமல், புதிய கண்ணாடி டியூப் பத்து, "பாம்புக்கடிக்கு மட்டும்" என்று எழுதிய டப்பாவில், நைட் டியூட்டி ஆளின் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்கட்டும். எடுத்த அன்றே திரும்ப நிரப்பி வையுங்கள்.