கரண்டிக்கு வேலையில்லாத சமையல்

மொராக்கோவின் காசாபிளாங்காவுக்குக் குடிவந்த மறுவாரமே தாஜின் வாங்கினேன். கூம்பு மூடி போட்ட அந்த ஊர் மண்சட்டி அது. அதற்கடுத்த வாரமே அதை உடைத்தும்விட்டேன். கைதவறி அல்ல. கேஸ் அடுப்பில் ஏற்றி, தீயைப் பெரிதாக்கி வெங்காயம் வதக்கத் தொடங்கினேன். பட்டென்று ஒரு சத்தம். அடித்தட்டில் குறுக்கே விரிசல் ஓடி, எண்ணெய் முழுவதும் அடுப்புக்குள் இறங்கிவிட்டது.

மண்சட்டி எனக்குப் புதிதா என்ன? அம்மா வீட்டு மீன்குழம்புச் சட்டியை வடிகஞ்சி ஊற்றிப் பழக்கியவளே நான்தான். அந்தத் திமிர்தான் உடைத்தது. நம் சட்டிக்கு அடி உருண்டை. தீ சுற்றிலும் ஏறும். தாஜினுக்கு அடி தட்டை, அகலம். நடுவில் மட்டும் தீ சுட்டு, ஓரம் குளிர்ந்தே கிடந்தால் மண் எத்தனை நேரம் பொறுக்கும்?

குப்பைக் கூடையில் ஓடுகளைப் பார்த்த கீழ்வீட்டு அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அவர் பால்கனியில் மிஜ்மர் வைத்திருக்கிறார். நம் குமுட்டி அடுப்பேதான். அதில் கரி கனிந்தபிறகே தாஜின் ஏறும். கேஸில் வைப்பதானால் இடையில் ஓர் இரும்புத் தகடு வேண்டும். புதுச் சட்டியை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, ஆலிவ் எண்ணெய் தடவி, இளஞ்சூட்டில் பழக்க வேண்டும். பூவேலை செய்து பளபளப்பது பெரும்பாலும் விருந்தாளி கண்ணுக்கு. சமைப்பதற்கு மொட்டை மண் நிறம்தான் என்றார். இரண்டாவதை சஃபி ஊரில், குயவர் குன்றின் அடிவாரத்தில் வாங்கினேன். தட்டிப் பார்த்து, கணீரென்றதை எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவர் முன்னிலையில் கோழித் தாஜின் செய்தேன். அடியில் தடிமனான வெங்காய வளையங்கள். இறைச்சி ஒட்டாமலிருக்க அதுதான் மெத்தை. அதன்மேல் கோழித் தொடைகள், சுக்குத்தூள், மஞ்சள், மிளகு, நான்கைந்து குங்குமப்பூ இழை, ஒரு கட்டு கொத்தமல்லி. தண்ணீர் அரை டம்ளர். எனக்குத் தாங்கவில்லை, இன்னும் ஒரு டம்ளர் ஊற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "ஷ்வியா, ஷ்வியா." கொஞ்சமாக என்கிறார்.

சரி, கிளறலாமா? அதுவும் கூடாது. மூடியைத் திறக்கவும் கூடாது. பத்து நிமிடம் கை சும்மா இருந்தது எனக்குப் பெரிய தண்டனை. கூம்பு மூடியின் உயரத்தில் ஆவி குளிர்ந்து, உள்பக்கச் சரிவில் முத்து முத்தாய் இறங்கி, மறுபடி கறியிலேயே சேர்கிறது. கிளறும் வேலையையும் நீர் ஊற்றும் வேலையையும் மூடியே பார்த்துக்கொள்கிறது. பொங்கினால் மூடிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு மரக்கரண்டிக் காம்பைச் செருகினால் போதும். அன்று என் சமையலறையில் கரண்டிக்குக் கிடைத்த ஒரே வேலை அது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து உப்பு எலுமிச்சையும் ஆலிவ் காய்களும் சேர்ந்தன. இந்த எலுமிச்சை, மிளகாய் போடாத நம் ஊறுகாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆனால் சதையைத் தள்ளிவிட்டுத் தோலைத்தான் போடுகிறார்கள். மூடியைத் தூக்கியபோது வெங்காயத்தைக் காணவில்லை. கரைந்து, தேன் நிறத்தில் ஒரு கெட்டிச் சாறாகியிருந்தது. எலும்பைத் தொட்டதும் சதை தானாக விலகியது.

தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து ரொட்டியால் தொட்டுத் தின்றோம். என் கணவர் மட்டும் சோறு கேட்டார். பிசைய ஏது குழம்பு? மிஞ்சியிருந்த இரண்டு கரண்டிச் சாற்றை அந்த அம்மாள் அதற்குள் ரொட்டியால் துடைத்துவிட்டிருந்தார்.