இருப்பிடச் சான்றிதழ் இல்லப்பா, டிஆர்சி! – கொரியால வரி விலக்கு வாங்க நாங்க பட்ட பாடு

முதல்லயே சொல்லிடறேன், கொரியால என் சம்பளத்துல பிடிச்ச வரிப் பணம் திரும்ப வந்துடுச்சு. ஆனா அதுக்கு எட்டு மாசம் ஆச்சு, எங்கப்பா நாலு தடவை பஸ் ஏறி அலைஞ்சார், நடுவுல ஒரு நாள் "ஏய்யா, அந்தக் காச அவனுவளே வச்சிக்கிடட்டும், விட்டுரு"ன்னு அவரே சொல்ற அளவுக்கு வந்துடுச்சு. தென்கொரியாவுக்கு போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலைக்கு, வர்ற நம்ம ஆளுங்க யாருக்காவது இந்த அலைச்சல் மிச்சமாகட்டும்னுதான் எழுதறேன்.

விஷயம் இதுதான். ஒரே வருமானத்துக்கு ரெண்டு நாடும் வரி போடாம இருக்கறதுக்கான இந்தியா–கொரியா இரட்டை வரி ஒப்பந்தம் 2015ல புதுசா கையெழுத்தாகி 2016 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. அதுல பேராசிரியர், ஆராய்ச்சியாளர்களுக்குன்னு தனியா ஒரு பிரிவு இருக்கு. இங்க வர்றதுக்கு முன்னாடி இந்தியால வரிக்கு ரெசிடென்ட்டா (வரிக் கணக்குல அந்த நாட்டு ஆளா) இருந்து, யூனிவர்சிட்டி மாதிரி இடத்துல ஆராய்ச்சி பண்ண வந்திருந்தா, வந்து இறங்கின நாள்ல இருந்து ரெண்டு வருஷம் அந்தச் சம்பளத்துக்கு இங்க வருமான வரி கிடையாது. கம்பெனி வேலைக்கு வந்தவங்க இதுல வர மாட்டாங்க. எனக்கு மாசம் 35 லட்சம் வோன் சம்பளம், வருமான வரியும் அதுக்கு மேல பத்து சதவீத உள்ளூர் வரியும் சேர்த்து கிட்டத்தட்ட 1,40,000 வோன் போயிட்டிருந்துச்சு, நம்ம காசுல ஒன்பதாயிரம் ரூபாய் கிட்ட. பென்ஷன், ஹெல்த் இன்சூரன்ஸ் பிடித்தமெல்லாம் வேற கணக்கு, அது இந்த விலக்குல போகாது, அதையும் சேர்த்து மிச்சமாகும்னு நினைச்சு நான் முதல்ல போட்ட மனக்கணக்கு தப்பு.

நான் வந்தது 2023 பிப்ரவரி 20. ஜூன் மாசம் வரைக்கும் இப்படி ஒரு விஷயம் இருக்கறதே தெரியாது. பக்கத்து லேப்ல இருந்த ஒரு வங்காளி அண்ணன் சாப்பிடும்போது பேச்சுவாக்குல சொன்னார். உடனே ஹெங்ஜோங்ஷில் போனேன், நம்ம ஊர் டிபார்ட்மென்ட் ஆபீஸ் மாதிரி. அங்க இருந்த அம்மா நல்ல மரியாதையா "பாக்சானிம் (டாக்டர்), கோஜுஜா சுங்மியோங்சோ வேணும்"னு சொல்லி ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க. போன்ல மொழிபெயர்த்துப் பார்த்தா ரெசிடென்ஸ் சர்டிஃபிகேட்னு வருது. அட இவ்ளோதானான்னு அப்பாவுக்கு போன் போட்டேன். அவர் மறுநாளே இ-சேவை மையத்துல அறுபது ரூபாய் கட்டி அப்ளை பண்ணி, விஏஓவப் பார்த்து, தாசில்தார் கையெழுத்தோட பச்சைக் கோபுரம் போட்ட இருப்பிடச் சான்றிதழ வாங்கி வாட்ஸப்ல அனுப்பிட்டார். பத்தே நாள். அவ்ளோ வேகமா எங்க குடும்பத்துல எந்த வேலையும் நடந்ததில்ல.

அந்தம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. இது வரி ஆபீஸ் குடுத்ததான்னு கேட்டாங்க. அப்பதான் உறைச்சுது. நீ எந்தத் தெருவுல குடியிருக்கேன்னு சொல்ற பேப்பர் இல்ல, எந்த நாட்டுக்கு வரிக் கணக்குல சொந்தம்னு வருமான வரித் துறை சொல்ற பேப்பர். டாக்ஸ் ரெசிடென்சி சர்டிஃபிகேட், சுருக்கமா டிஆர்சி. நான் அப்ளை பண்ணின 2023ல, நம்ம ஊர்ல இதுக்கு 10எஃப்ஏன்னு ஒரு ஃபார்ம் எழுதி, நம்ம வரிக் கணக்கைப் பார்க்கற அசெஸ்ஸிங் ஆபீசர் (ஏஓ) கிட்ட குடுக்க வேண்டியிருந்துச்சு, அவர் 10எஃப்பிங்கற ஃபார்ம்ல டிஆர்சி தருவார். ஃபார்ம் ரெண்டு பக்கம்கூட இல்ல. பேரு, அப்பா பேரு, பான் நம்பர், எந்தக் காலத்துக்கு வேணும், எதுக்கு வேணும், என்னென்ன இணைச்சிருக்கே, அவ்ளோதான். அதை ஆன்லைன்ல போடலாம்னு போர்ட்டல் முழுக்கத் தேடி ஒரு ராத்திரி வீணாப் போச்சு. நான் அப்ளை பண்ணப்ப அது அங்க இல்ல, பேப்பர்லதான் குடுக்கணும்னு இருந்துச்சு.

ஜூலைல அப்பா எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கற வருமான வரி ஆபீசுக்குப் போனார். காலைல ஆறரை பஸ். உள்ள விடறதுக்கே பதினோரு மணி ஆச்சாம், விட்ட உடனே பான் நம்பரைத் தட்டிப் பார்த்துட்டு "ஐயா, உங்க பையன் எங்க வார்டே இல்ல"ன்னுட்டாங்க. வார்டுன்னா வரி ஆபீசோட ஒரு பிரிவு. நான் எம்எஸ்சி படிக்கும்போது ஹாஸ்டல் அட்ரஸ்ல பான் கார்டு எடுத்தேன். அதுக்கப்புறம் பிஎச்டிக்கு வேற ஊர் போய், ஆதார்ல எல்லாம் வீட்டு அட்ரஸ் மாத்தியாச்சு, ஆனா பான் மட்டும் அந்தப் பழைய ஊர் ஆபீசர் கிட்டயே உட்கார்ந்திருக்கு. அட்ரஸ் மாத்தினா வார்டும் தானா மாறிடும்னு நம்பாதீங்க. இ-ஃபைலிங் சைட்ல 'நோ யுவர் ஏஓ'ன்னு ஒரு இடம் இருக்கு, லாகின்கூட வேண்டாம், பான் நம்பரும் மொபைல் நம்பரும் போட்டா எந்த வார்டுன்னு காட்டிடும். ரெண்டு நிமிஷ வேலை. அதைப் பார்க்காம அறுபத்தி மூணு வயசு மனுஷனை அனுப்பி வச்சேன்.

ஆகஸ்ட்ல ராத்திரி பஸ் பிடிச்சு அந்த ஊருக்குப் போனார். இந்தத் தடவை வார்டு சரி, ஆபீசர் ரூம் சரி, கிளார்க்தான் வில்லங்கம். எடுத்த எடுப்புல "இப்ப எல்லாமே ஃபேஸ்லெஸ், ஆன்லைன்ல போடச் சொல்லுங்க"ன்னார். இது ஆன்லைன்ல இல்லன்னு நான் எழுதிக் குடுத்த துண்டுச்சீட்டை அப்பா காட்டினார். அப்ப ஆளு நேர்ல வரணும், இல்லன்னா ஆடிட்டர் வரணும்னார். அதுக்கும் நான் தயாரா இருந்தேன். அப்ப இருந்த 1961 வருமான வரிச் சட்டம் 288வது பிரிவுல உறவுக்காரங்களே நம்ம சார்பா ஆஜராகலாம்னு இருந்துச்சு, கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் போதும். நான் கொரியால இருந்து அசல்ல கையெழுத்துப் போட்டு ஈஎம்எஸ்ல (வெளிநாட்டு விரைவுத் தபால்) அனுப்பியிருந்தேன். பிரிவு நம்பரைப் பார்த்ததும் கிளார்க் கொஞ்சம் அடங்கினாராம்.

அப்பதான் குண்டு போட்டார். "ஐடிஆர் காப்பி எங்க? உங்க பையன் ரிட்டர்னே போட்டதில்லையே. எங்க ரெக்கார்டுல இல்லாத ஆளுக்கு நாங்க எப்படி ரெசிடென்ட்னு எழுதித் தர்றது?"

உண்மைதான், ஐடிஆர்ங்கற வருமான வரி ரிட்டர்ன் நான் போட்டதே இல்ல. பிஎச்டி ஃபெலோஷிப்புக்கு (படிக்கக் குடுக்கற உதவித்தொகை) அப்ப அந்தச் சட்டத்தோட 10(16) பிரிவுல வரி கிடையாது, வேற வருமானமும் இல்ல, எதுக்கு ரிட்டர்ன்னு அஞ்சு வருஷமும் விட்டுட்டேன். கூடப் படிச்ச யாருமே போட்டதில்ல. அப்பா வெளில வந்து டீக்கடைல நின்னுக்கிட்டுதான் மேல சொன்ன டயலாக்கை விட்டார், காச அவனுவளே வச்சிக்கிடட்டும்னு.

சரி, ரிட்டர்ன் போடலாம்னு உட்கார்ந்தா அதுல ஒரு குட்டிக் கணக்கு. 2022 ஏப்ரல்ல இருந்து 2023 பிப்ரவரி வரைக்கும் நான் இந்தியால இருந்ததால ரெசிடென்ட் ஆக வேண்டிய 182 நாளெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு, அந்த நிதியாண்டுக்கு நான் ரெசிடென்ட். நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனா ரெசிடென்ட்னா உலகத்துல எங்க சம்பாதிச்சாலும் இந்தியால காட்டணும், அப்படின்னா 2023 மார்ச் 25ஆம் தேதி கொரியால வாங்கின முதல் சம்பளமும் உள்ள வரும். ரூபாய்ல ரெண்டு லட்சத்து இருபதாயிரம் சொச்சம். நல்லவேளை அந்த வருஷத்து வரியில்லா வரம்பான ரெண்டரை லட்சத்துக்குள்ள நின்னுச்சு, வரியும் இல்ல, ஜூலை 31 தாண்டிப் போட்டதுக்கு லேட் ஃபீயும் இல்ல. வெளிநாட்டுச் சம்பளம் இருந்தா ஐடிஆர்-1 ஆகாது, ஐடிஆர்-2 போடணும், இதைக் கவனிங்க. ஃபெலோஷிப்பை விலக்கு வருமானம்னு காட்டினேன்.

ஃபைல் பண்றது அரைமணி நேரம். வெரிஃபை பண்றதுக்கு நாலு நாள். ஆதார் ஓடிபி என் இந்திய நம்பருக்குத்தான் வரும், அந்த சிம் வீட்ல மேஜை டிராயர்ல கிடக்குது, ரீசார்ஜ் பண்ணாததால இன்கமிங்கும் போச்சு. அப்பா ரீசார்ஜ் பண்ணி, அவரோட பட்டன் போன்ல போட்டு, கண்ணாடியத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டு அம்மா போன்ல எனக்கு நம்பரைப் படிச்சார். "நாலு... எட்டு... பொறு, இது ஒண்ணா ஏழா தெரியலயே." டைம் அவுட். மறுபடி அனுப்பினா ரெண்டு ஓடிபி வந்து கிடக்குது, பழசைப் படிக்கறார். இங்க ராத்திரி பன்னெண்டரை, அங்க ஒன்பது. மூணாவது நாள் சிக்னலே இல்லன்னு மொட்டைமாடிக்குப் போனார். நாலாவது நாள் பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து பத்து செகண்ட்ல படிச்சுட்டுப் போயிடுச்சு. வெளிநாடு கிளம்பறவங்க ஆதார் நம்பரை ரோமிங் போட்டுக் கையோட எடுத்துட்டு வாங்க, சத்தியமா சொல்றேன், இந்த ஒண்ணுக்காகவே.

அக்டோபர்ல மூணாவது பயணம். 10எஃப்ஏ, பான் காப்பி, ஐடிஆர் ரசீது, பாஸ்போர்ட் எல்லாப் பக்கமும் (சென்னை ஏர்போர்ட் எக்சிட் சீல் இருக்கற பக்கத்துல பென்சில்ல வட்டம் போட்டு), பிஎச்டி பண்ண இடத்துல வாங்கின லெட்டர், கொரியா வேலை ஒப்பந்தம், அதிகாரக் கடிதம். அதே கிளார்க் "வச்சுட்டுப் போங்க, பார்க்கறோம்"னார். எங்கப்பா ஈபில லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர், இந்த "வச்சுட்டுப் போங்க"வுக்கு அர்த்தம் அவருக்கு நல்லாத் தெரியும். நேரா கீழ இருந்த, மனு வாங்கற சேவா கேந்திரா கவுன்டருக்குப் போய் முழு செட்டையும் குடுத்து, இன்னொரு செட்ல தேதியோட சீல் வாங்கி, அப்புறம் அந்த சீல் போட்ட காப்பியக் கொண்டுபோய் கிளார்க் மேஜைல வச்சாராம். "இப்ப பாருங்க சார்." மூணு வாரத்துல போன் வந்துடுச்சு. நவம்பர்ல போய் வாங்கிட்டு வந்தார், ஆபீசர் அன்னிக்கு டீ வாங்கிக் குடுத்தாராம்.

அசல் ஈஎம்எஸ்ல வந்து சேர்ந்துது, ஓடிப் போய்க் குடுத்தேன். அந்தம்மா என் ஏலியன் கார்டை (வெளிநாட்டவங்களுக்கு கொரியா குடுக்கற அடையாள அட்டை) பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு "வேற ஆள்"னாங்க. நம்ம இனிஷியல் பிரச்சினை. பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல அப்பா பேரு, கொரியா கார்டுல அது முன்னாடி வரும், லேப்ல எல்லாரும் என்னை எங்கப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க. பான் கார்டுல என் பேரு முன்னாடி, 10எஃப்பிலயும் அப்படியே. பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல அப்பா பேரு இருக்கும், அதையும் பான் கார்டையும் பிறந்த தேதியையும் காட்டி ஒரு மணி நேரம் விளக்கினேன். ஃபார்ம்ல 'இதர விவரம்'ங்கற இடத்துல பாஸ்போர்ட் நம்பரை எழுதி, சர்டிஃபிகேட்லயும் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, நான் கேட்காம விட்டுட்டேன்.

பேரு முடிஞ்சா தேதி. சர்டிஃபிகேட்ல 2022–23ன்னு இருக்கு, எங்களுக்கு 2023 வேணும்னாங்க. இங்க வரி வருஷம் ஜனவரி டு டிசம்பர். ஒரு பேப்பர்ல நீளமா கோடு போட்டு பன்னெண்டு மாசம் குறிச்சு, நம்ம ஏப்ரல்–மார்ச்சை மேல வரைஞ்சு, பிப்ரவரி 20ல ஒரு விமானம் படம் போட்டு, "பாருங்க, நான் வந்து இறங்கின அன்னிக்கு இந்தச் சர்டிஃபிகேட் உயிரோட இருக்கு"ன்னு காட்டினேன். அந்தம்மா சிரிச்சுட்டு அந்தப் பேப்பரையும் சேர்த்து ஃபைல்ல வச்சுக்கிட்டாங்க. டிசம்பர்ல வரி விலக்கு விண்ணப்பம் போச்சு, 2024 பிப்ரவரி சம்பளத்துல வருஷக் கடைசிக் கணக்கோட பத்து மாசப் பிடித்தமும் மொத்தமா வந்துடுச்சு, எண்பத்தஞ்சாயிரம் ரூபாய்க்கு மேல. அப்பாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கி அனுப்பினேன், ஓடிபி எழுத்து பெருசாத் தெரியற மாதிரி.

அடுத்த வருஷம் ஆபீஸ்ல ஆள் மாறிட்டாங்க. புதுசா வந்தவர் 2024க்கு புது டிஆர்சி கேட்டார். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, ஏன்னா 2023–24ல நான் இந்தியாவுக்கு நான்-ரெசிடென்ட், கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. வர்றதுக்கு முன்னாடி ரெசிடென்ட்டா இருந்தா போதும்னு ஒப்பந்தத்துல இருக்கற வாக்கியத்தை பிரிண்ட் எடுத்து அடிக்கோடு போட்டுக் குடுத்தேன், ஒரு வாரம் கழிச்சு சரின்னுட்டார். ரெண்டு வருஷத்தை எண்ணறது பேப்பர் குடுத்த நாள்ல இருந்து இல்ல, வந்து இறங்கின நாள்ல இருந்து. எனக்கு 2025 பிப்ரவரியோட முடிஞ்சுது, மார்ச் சம்பளத்துல அந்த 1,40,000 மறுபடி பிடிச்சுட்டாங்க.